30 பென்ஸ், 20 ஆண்டுகள்

கரையேறியவர்கள்: போருக்குப் பிந்தைய பிரிட்டன் – 17

1972 நவம்பர் 5 இரவு. பர்மிங்ஹாமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் மதுக்கடையிலிருந்து வீட்டுக்கு நடந்துபோய்க்கொண்டிருந்த ஒருவரை மூன்று பையன்கள் மடக்கினார்கள். செங்கல்லால் அடித்து வீழ்த்தினார்கள். கையில் சிக்கியது 30 பென்ஸ், சில சாவிகள், ஐந்து சிகரெட்டுகள். போனவர்கள் திரும்பி வந்து, கிடந்தவரை மறுபடியும் அடித்தார்கள். ஈவிரக்கமற்ற செயல். அதில் அன்றும் இன்றும் இரண்டு கருத்து கிடையாது.

1973 மார்ச் 19 அன்று தீர்ப்பு வந்தது. மூவரில் முதன்மைக் குற்றவாளி என்று நீதிமன்றம் கருதிய 16 வயதுப் பையனுக்கு 20 ஆண்டு. மற்ற இருவருக்கும் ஆளுக்குப் பத்து ஆண்டு.

நாட்டிங் ஹில் கலவரத்தைப் பற்றி முன்பே பார்த்திருக்கிறோம். 1958இல் இரும்புக் கம்பிகளோடு காரில் சுற்றி, கண்ணில் பட்ட கறுப்பின ஆண்களை அடித்து நொறுக்கிய ஒன்பது வெள்ளை இளைஞர்களுக்கு நீதிபதி சால்மன் விதித்தது ஆளுக்கு நான்கு ஆண்டு. அதைத்தான் அன்று நாடே கடுமையான தண்டனை என்று பேசியது. பதினைந்து வருடத்துக்குள் தராசு எங்கே போய்ச் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

தீர்ப்பு வந்ததும் நிருபர்கள் ஹேண்ட்ஸ்வொர்த்துக்குப் படையெடுத்தார்கள். பாழடைந்த வீடுகள், வேலையில்லாத இளைஞர்கள், நெரிசலில் வாழும் குடியேறிகள் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். படித்தவர் மனத்தில் ஒரு கறுப்பு இளைஞனின் முகம் பதிந்தது. உண்மையில் அந்த மூவர் யார்? ஒருவனின் தந்தை மேற்கிந்தியர், தாய் வெள்ளைக்காரர். இன்னொருவன் ஐரிஷ் வழி வந்தவன். மூன்றாமவன் சைப்ரஸ் துருக்கியர் வீட்டுப் பிள்ளை. 'கறுப்பர்களின் வழிப்பறி'க்கு நாட்டிலேயே பெரிய சான்றாகிப்போன வழக்கில், முழுக்கக் கறுப்பினத்தவர் என்று சொல்ல ஒருவன்கூட இல்லை!

அதே நகரத்தின் பல்கலைக்கழகத்தில், மொத்தமே இரண்டு மூன்று ஆசிரியர்களைக் கொண்ட ஒரு சிறிய ஆய்வு மையம் இருந்தது. ஹேண்ட்ஸ்வொர்த்தின் சமூகப் பணிகளோடு தொடர்பு வைத்திருந்த அதன் மாணவர்கள் வழியாக இந்த வழக்கு அங்கே போய்ச் சேர்ந்தது. அவர்கள் விசாரிக்கத் தொடங்கியது பையன்களை என்று நினைத்தால் தவறு. நீதிபதியை, காவல்துறையை, பத்திரிகையை விசாரித்தார்கள்.

*

சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையம் என்பது அதன் பெயர். 1964இல் தொடங்கியவர் ரிச்சர்ட் ஹோகார்ட், லீட்ஸ் நகரத்து ஏழைத் தெருவிலிருந்து வந்த ஆங்கிலப் பேராசிரியர். டி.எச்.லாரன்ஸின் 'லேடி சாட்டர்லியின் காதலன்' ஆபாச நூல் என்று 1960இல் வழக்கு நடந்தபோது, பதிப்பாளரான பெங்குவின் பக்கம் நின்று சாட்சி சொன்னவர். பெங்குவின் வென்றது, புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. மையம் தொடங்கப் பணம் தேடியபோது பெங்குவின் அதிபர் ஆலன் லேன் அந்த நன்றியை மறக்கவில்லை. ஒரு தடைப் புத்தகத்தின் வருமானத்தில் பிறந்த கல்வித்துறை என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனாலும் சொல்லிவிடலாம்.

ஹோகார்ட்டுக்குத் தொழிலாளர் வீட்டுப் பண்பாட்டின்மேல் பெரிய பிரியம் உண்டு. ஆனால் அந்த வீட்டுப் பையன்கள் பால் விடுதியில் ஜூக்பாக்ஸ் பெட்டிக்குக் காசு போட்டு அமெரிக்கப் பாட்டுக் கேட்பதைப் பார்த்தால் அவருக்குப் பிடிக்காது. 1957இல் வந்த அவருடைய புகழ்பெற்ற நூலில் அந்தப் பையன்களைப் பற்றிய பக்கங்கள் ஒரு மாமாவின் முணுமுணுப்பு. அவர் தனக்குத் துணையாக அழைத்துவந்த ஆளுக்கு அந்த முணுமுணுப்பு கிடையாது.

ஸ்டூவர்ட் ஹால், 1932இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். வெளிறிய தோலே மதிப்பு என்று வாழ்ந்த நடுத்தரக் குடும்பத்தில் நிறம் குறைந்து பிறந்த பிள்ளை. தொட்டிலில் கிடந்த தம்பியைப் பார்த்து, இந்தக் கூலிக்காரப் பிள்ளையை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள் என்று அக்கா கேட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் வந்த இந்தியர்களுக்கு அங்கே வழங்கிய பெயர் அது. 1951இல் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டு வந்தார். வாழ்வதற்கு ஊர் திரும்பவே இல்லை. ஐம்பதுகளின் கடைசியில் தென் லண்டன் பள்ளி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, தன் வகுப்பு வெள்ளைப் பையன்கள் சிலர் நாட்டிங் ஹில் பக்கம் போய்வருவதைக் கவனித்தார். அங்கே உங்களுக்கு என்ன வேலை என்று அவர்களிடமே கேட்டார். பையன்களைத் திட்டுவதற்கு முன் அவர்கள் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்கும் இந்தப் பழக்கம் கடைசிவரை அவரைவிட்டுப் போகவில்லை.

1968இல் ஹோகார்ட் விலகியபோது மையம் ஹாலின் பொறுப்புக்கு வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 20 அன்று, இதே பர்மிங்ஹாமின் ஒரு ஹோட்டலில்தான் ஈனக் பவல் குடியேறிகளுக்கு எதிரான தன் பேர்போன உரையை ஆற்றினார். இரண்டும் ஒரே ஊர், ஒரே ஆண்டு.

மையத்தில் வேலை நடந்த விதமே வேறு. தலைப்பு வாரியாகக் குழுக்கள். ஆசிரியர், மாணவர் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து வாதாடுவார்கள். கட்டுரைகளை அச்சுக்குக் காத்திராமல் ஸ்டென்சில் வெட்டி உருட்டிப் பிரதி எடுத்துச் சுற்றுக்கு விடுவார்கள். ஒரு நூலுக்கு ஐந்து பேர் ஆசிரியர் என்பது அங்கே சாதாரணம். முனைவர் பட்டத்துக்கு எழுத வந்தவர்கள் பட்டத்தை மறந்துவிட்டுக் கூட்டு நூல்களில் மூழ்கிய கதைகளும் உண்டு.

*

வழிப்பறி வழக்குக்கு வருவோம். ஹாலும் நான்கு மாணவர்களும் (சாஸ் கிரிட்சர், டோனி ஜெஃபர்சன், ஜான் கிளார்க், பிரையன் ராபர்ட்ஸ்) பழைய பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டத் தொடங்கினார்கள். முதல் கண்ணி 1972 ஆகஸ்டில் அகப்பட்டது. லண்டன் வாட்டர்லூ நிலையத்துக்கு அருகே முதியவர் ஒருவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அந்தச் செய்தியில் வழிப்பறிக்கு 'மக்கிங்' என்ற அமெரிக்கப் பெயர் வந்தது. நியூயார்க்கில் இருட்டுத் தெரு, கறுப்பு இளைஞன், வெள்ளைக்காரர் பயம் என்ற மூன்றையும் சேர்த்துக் கட்டிய பெயர் அது. கப்பலேறி வந்தபோது மூன்றையும் தூக்கிக்கொண்டேதான் வந்தது. சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு குற்றமே கிடையாது. கொள்ளை உண்டு, கொள்ளையடிக்கும் நோக்கில் தாக்குதல் உண்டு. சட்டத்தில் இல்லாத குற்றம் நான்கு ஆண்டில் 129 சதவீதம் கூடிவிட்டது என்று புள்ளிவிவரம் மட்டும் வந்துவிட்டது!

ஐவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். கொள்ளை கூடியது உண்மை. ஆனால் 1955க்கும் 1965க்கும் இடையில் அது கூடிய வேகம், அடுத்த ஏழு ஆண்டுகளில் கூடியதைவிட அதிகம். அந்தப் பத்தாண்டில் வராத பீதி இப்போது மட்டும் ஏன் வந்தது?

அடுத்து அவர்கள் கண்டுபிடித்ததுதான், இந்த ஆய்விலிருந்து பிறந்த நூலின் உயிர்நாடி. நீதிபதி கடுந்தண்டனை விதிக்கிறார். மக்கள் அஞ்சுகிறார்கள் என்று காரணம் சொல்கிறார். மக்கள் அஞ்சுவது அவருக்கு எப்படித் தெரியும்? பத்திரிகையில் படித்தார். பத்திரிகை எதை வைத்து எழுதியது? நீதிபதியும் காவல் அதிகாரியும் சொன்னதை வைத்து. காவல்துறை தனிப்படை அமைக்கிறது. தனிப்படை ஆட்களைப் பிடிக்கிறது. பிடித்த ஆட்களின் எண்ணிக்கை குற்றம் பெருகியதற்குச் சான்றாகிறது. அது மறுநாள் செய்தியாகிறது. இதில் யாரும் சதி செய்யவில்லை. அவரவர் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள். நிருபருக்கு நம்பத்தகுந்த ஆதாரம் வேண்டும், அதிகாரியை விட்டால் யாரிடம் போவார்? சதியே இல்லாமல் இது நடக்கும் என்று காட்டியதில்தான் நூலின் பலம் இருக்கிறது. பத்திரிகை முதலாளிகளைத் திட்டி முடித்திருந்தால் நாற்பது பக்கத்தில் முடிந்திருக்கும்.

இன்னொன்றும் கவனித்தார்கள். பத்திரிகைப் பீதி கிளம்பியது ஆகஸ்டில். ஆனால் லண்டன் சுரங்க ரயிலில் வழிப்பறித் தனிப்படை அதற்குப் பல மாதம் முன்பே இறங்கிவிட்டது. அந்த மார்ச்சில் ஓவல் நிலையத்தில் நான்கு கறுப்பின இளைஞர்களை டெரக் ரிட்ஜ்வெல் என்ற சார்ஜெண்டின் தலைமையில் சாதாரண உடையில் இருந்த போலீசார் பிடித்தார்கள். சாட்சிகள் போலீசார் மட்டுமே. பறிகொடுத்தேன் என்று ஒருவரும் வரவில்லை. நால்வரும் சிறை சென்றார்கள். கதையின் மறுபாதிக்கு நாம் வெகுதூரம் முன்னே போக வேண்டும். அந்த ரிட்ஜ்வெல் 1980இல் அஞ்சல் பைகளைத் திருடிய வழக்கில் தண்டிக்கப்பட்டு, 1982இல் சிறையிலேயே இறந்துபோனார். ஓவல் நால்வரின் தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்ததோ 2019 டிசம்பரிலும் 2020 மார்ச்சிலும்தான். இடையில் 47 ஆண்டுகள்.

நூல் 1978இல் வெளிவந்தது. நெருக்கடிக்குக் காவல் என்ற பொருள்படும் தலைப்பு. ஆராயத் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்குள் ஹேண்ட்ஸ்வொர்த் வழக்கிலிருந்து ஆங்கில அரசின் முப்பதாண்டு வரலாறு வரை நூல் விரிந்திருந்தது. 1972இல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம், மின்வெட்டு, வட அயர்லாந்தில் துப்பாக்கிச் சூடு, உகாண்டாவிலிருந்து துரத்தப்பட்ட ஆசியர்களின் வருகை. காலடி மண் சரிவதாக உணர்ந்த ஒரு நாட்டுக்கு, அந்தச் சரிவைக் காட்ட ஒரு முகம் தேவைப்பட்டது என்கிறது நூல். கடைசியில், சட்டம் ஒழுங்கு என்ற முழக்கத்தோடு ஒரு கடுமையான வலதுசாரி ஆட்சி வரப்போகிறது என்ற எச்சரிக்கை. அடுத்த ஆண்டு மார்கரெட் தாட்சர் பிரதமரானார்.

குறை இல்லாமலில்லை. பீதி அளவுக்கு மீறியது என்கிறீர்களே, சரியான அளவு எது என்று யார் சொல்வது எனச் சில குற்றவியல் அறிஞர்கள் கேட்டார்கள். வழிப்பறிக்கு ஆளானவர்களில் ஏழைகளும் கறுப்பினத்தவரும் உண்டு, அவர்கள் பயமும் கற்பனையா என்று இடதுசாரிகளிலேயே சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விகள். இரண்டாம் பாதியின் கோட்பாட்டு நடை கடினமானது. தைரியசாலிகள் மட்டும் இறங்கலாம். முதல் மூன்று அத்தியாயங்கள் துப்பறியும் கதையைப் போல ஓடும்.

*

இதே காலத்தில் மையத்தின் இன்னொரு குழு, இளைஞர்களின் உடையையும் பாட்டையும் ஆராய்ந்துகொண்டிருந்தது. டெட்கள், 'மாட்'கள், ஸ்கின்ஹெட்கள், ராஸ்தாக்கள் என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கட்டுரை. 1975இல் வந்த அந்தத் தொகுப்பில் ஸ்கின்ஹெட்கள் பற்றி ஜான் கிளார்க் எழுதியது இன்றும் யோசிக்க வைக்கிறது. மொட்டைத் தலை, கனத்த பூட்ஸ், தூக்கிக் கட்டிய கால்சட்டை என்று பழைய துறைமுகத் தொழிலாளி வேடம் போட்ட பையன்கள். அப்பாக்களின் தெருக்களை இடித்து அடுக்குமாடி கட்டியாயிற்று, அப்பாக்களின் வேலையும் போய்க்கொண்டிருக்கிறது. போன உலகத்தை உடையிலாவது மீட்கப் பார்த்தார்கள் என்றார் கிளார்க். இதே பையன்கள் ஜமைக்காவின் ஸ்கா இசைக்கு உயிரை விட்டார்கள். 1969இல் டெஸ்மண்ட் டெக்கரின் பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்ததில் அவர்களுக்கும் பங்குண்டு. சனிக்கிழமை இரவு கறுப்பரின் இசைக்கு ஆட்டம். வெளியே வந்து, தனியாக நடந்துபோகும் பாகிஸ்தானியருக்கு அடி.

இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றவர் டிக் ஹெப்டிஜ். 1979இல் வந்த அவருடைய சின்னப் புத்தகத்தின் வாதம் இது: போருக்குப் பிந்தைய வெள்ளை இளைஞர்களின் ஒவ்வொரு நாகரிகமும், பக்கத்துத் தெருவில் குடிவந்த கறுப்பினத்தவருக்கு ஏதோ ஒரு வகையில் சொன்ன பதில். ஒன்று நகல் எடுத்தார்கள், அல்லது விலகி ஓடினார்கள். பங்க் பையன்களின் ஊக்குகளுக்குள் ரெக்கேயின் நிழலைப் பார்த்தவர் அவர். பர்மிங்ஹாமுக்கு இது வெறும் கோட்பாடாக இருக்கவில்லை. 1976 ஆகஸ்ட் 5 அன்று அங்கே ஓடியன் மேடையில் எரிக் கிளாப்டன் குடிபோதையில் பவலை ஆதரித்துக் கத்தினார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு அவரை அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏற்றியது பாப் மார்லியின் பாட்டு. கிளாப்டனுக்கு எதிர்ப்பாகக் கிளம்பியதுதான் இனவெறிக்கு எதிரான ராக் இயக்கம். அதன் மேடைகளில் பாடிய ஸ்டீல் பல்ஸ் குழு, நாம் தொடங்கிய ஹேண்ட்ஸ்வொர்த்தைச் சேர்ந்தது.

உடை, இசை, கலகம் எல்லாம் சரி, இந்தக் கட்டுரைகளில் பெண்பிள்ளைகள் எங்கே என்று கேட்டவர் ஏஞ்சலா மக்ராபி. தெருவை மட்டும் பார்த்தால் பையன்கள்தான் தெரிவார்கள். பெண்களுக்கு இரவில் தெரு கிடைக்காது. அவர்களுடைய உலகம் தோழியின் படுக்கையறை, சுவரொட்டி, 'ஜாக்கி' வார இதழ். ஆய்வாளர்களும் ஆண்கள், தங்கள் வாலிபத்தையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் அவர் சொல்லாமல் சொன்னது. 1978இல் மையத்தின் பெண்கள் தனி நூலே கொண்டுவந்தார்கள். அந்தச் சண்டைகளில் ஹாலும் தப்பவில்லை. மறு ஆண்டு அவர் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

*

லண்டனில் இன்னோர் அலுவலகத்தில், 1972லேயே இதைவிடப் பெரிய புரட்டல் நடந்து முடிந்திருந்தது. அதை நடத்தியவர்களில் முன்னால் நின்றவர் ஈழத்தமிழர்.

அம்பலவாணர் சிவானந்தன், யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய்க் குடும்பம். கொழும்பில் படித்து வங்கியில் உயர்ந்த பதவியில் இருந்தவர். 1958 இனக்கலவரத்தில் தமிழர் வீடுகள் எரிந்ததைக் கண்ணால் கண்டு, இனி இங்கே வேண்டாம் என்று லண்டனுக்குப் புறப்பட்டார். வந்து இறங்கிய நேரம் நாட்டிங் ஹில் கலவரம். ஹால் தன் மாணவர்களைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த அதே கலவரம்தான். வங்கி அதிகாரிக்கு லண்டனில் வங்கி வேலை கிடைக்கவில்லை. நூலகத்தில் தேநீர் கொடுக்கும் பையன் வேலையில் தொடங்கி நூலகரானார். 1964இல் இன உறவுகள் நிறுவனத்தின் நூலகப் பொறுப்பு கிடைத்தது.

அந்த நிறுவனம் பெரிய மனிதர்களின் கூடம். நிர்வாகக் குழுவில் கம்பெனி அதிபர்களும் பிரபுக்களும் இருந்தார்கள். கறுப்பினத்தவர் எத்தனை பேர், எங்கே குடியிருக்கிறார்கள், எப்படிப் பழகுகிறார்கள் என்று ஆராய்ந்து அரசுக்குச் சொல்வது அதன் பணி. நாம் ஆராய வேண்டியது கறுப்பர்களையா, அவர்களை வதைக்கும் வெள்ளைச் சமூகத்தையா என்று ஊழியர்கள் கேட்டார்கள். 1972இல் அது உறுப்பினர் வாக்கெடுப்பு வரை போயிற்று. நிர்வாகக் குழு தோற்று வெளியேறியது. கூடவே பணமும் வெளியேறியது. சிவானந்தன் இயக்குநரானார். 'ரேஸ்' என்ற ஆய்விதழ் 1974இல் 'ரேஸ் அண்ட் கிளாஸ்' ஆயிற்று. ஒரு நூலகர் தன் நூலகத்தோடு சேர்த்து நிறுவனத்தையே எடுத்துக்கொண்ட கதை வேறெங்கும் கேட்டதில்லை.

அவருக்கும் ஹாலுக்கும் பின்னாளில் ஒத்துப்போகவில்லை. எண்பதுகளின் கடைசியில் ஹாலும் நண்பர்களும் அடையாளம், நுகர்வு, புதிய காலம் என்று எழுதியபோது, 1990இல் சிவானந்தன் அதைக் கிழித்துப் போட்டார். படித்தவர்களின் அடையாளச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும், தெருவில் அடிபட்டுச் சாகிறவனுக்கு என்ன பதில் என்பது அவர் கோபம். என் கணிப்பில் இருவருமே ஒருவர் விட்டதை மற்றவர் பிடித்தார்கள். ஆனால் கோபத்தின் நடையில் சிவானந்தனை மிஞ்ச ஆளில்லை. 1997இல் வந்த அவருடைய இலங்கை நாவலைப் படித்தவர்களுக்கு அது தெரியும்.

*

பர்மிங்ஹாம் மையத்துக்குத் திரும்பினால், எழுபதுகளின் இறுதியில் அங்கே ஒரு புதிய குழு கூடியிருந்தது. பால் கில்ராய், கயானாவிலிருந்து வந்து லண்டனில் தலைமை ஆசிரியையாக இருந்த எழுத்தாளர் பெரில் கில்ராயின் மகன். ஹேசல் கார்பி, ஜமைக்காத் தந்தைக்கும் வேல்ஸ் தாய்க்கும் பிறந்தவர். இவர்கள் தங்கள் மையத்தின் அலமாரியையே எடுத்துப் படித்தார்கள். ஆங்கிலத் தொழிலாளி பற்றி இத்தனை நூல்கள். அதில் அந்தத் தொழிலாளி ஏன் எப்போதும் வெள்ளையாக இருக்கிறான்? பெண்ணியக் கட்டுரைகளில் குடும்பம்தான் பெண்ணின் சிறை என்கிறீர்களே, போலீஸ் கதவை உடைக்கும் வீட்டில் குடும்பம்தானே அவளுக்கு அரண் என்று கேட்டார் கார்பி. மேற்கிந்தியக் குடும்பம் சிதைந்தது, ஆசியக் குடும்பம் இறுகியது, பிள்ளைகள் இரண்டு பண்பாட்டுக்கு நடுவில் தவிக்கிறார்கள் என்றெல்லாம் சமூகவியலாளர்கள் எழுதிவைத்ததைப் பிரித்துப் போட்டார்கள். இந்தப் பிள்ளைகள் தவிக்கவில்லை, அவர்களுக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது என்றார்கள். 1982இல் வந்த அந்தத் தொகுப்புக்கு 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் தலைப்பு ஒன்றையே வைத்தார்கள்: பேரரசு திருப்பி அடிக்கிறது.

அவர்கள் எழுதிக்கொண்டிருந்தபோதே பிரிக்ஸ்டன் பற்றி எரிந்தது. 1981 ஏப்ரலில் 'ஸ்வாம்ப் 81' என்ற பெயரில் சாதாரண உடைப் போலீசார் சில நாட்களில் 943 பேரை நிறுத்திச் சோதித்தார்கள். பெரும்பாலோர் 21 வயதுக்குக் கீழ். கைவசம் இருந்த சட்டங்களில் ஒன்று 1824ஆம் ஆண்டு நாடோடிச் சட்டம். சந்தேகம் வந்தாலே பிடிக்கலாம், தெருவில் அதன் பெயர் 'சஸ்'. ஏப்ரல் 10 மாலை தொடங்கிய மோதல் மூன்று நாள் நீடித்தது. ஜூலையில் ஹேண்ட்ஸ்வொர்த்திலும் கண்ணாடிகள் நொறுங்கின.

விசாரிக்க ஸ்கார்மன் பிரபுவை அரசு அமர்த்தியது. அவர் பிரிக்ஸ்டன் தெருக்களில் நடந்தார், இளைஞர்களின் பேச்சைக் கேட்டார், நவம்பரில் அறிக்கை கொடுத்தார். பிரிட்டனில் நிறுவனங்களுக்குள் ஊறிய இனவெறி கிடையாது என்று அதில் ஒரு முடிவு. அந்த முடிவை அடுத்து வந்தவர்கள் 18 ஆண்டுகள் கழித்து மாற்றி எழுத வேண்டியிருந்தது. அதற்கு லண்டனின் ஒரு பேருந்து நிறுத்தத்தில் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற மாணவனின் உயிர் போக வேண்டியிருந்தது.

(தொடரும்)